புத்தகத்தில் இல்லாத மாத்திரை

ஜெபமணியைக் குணமாக்கியது கர்த்தரா, மாத்திரையா என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. கர்த்தரோடு எனக்குச் சண்டை கிடையாது. அவர் பெயரைச் சொல்லிப் புத்தகம் எழுதுகிறவர்களோடுதான் என் சண்டை. ஜெபமணி ஒருநாளும் யாரோடும் சண்டை போட்டதில்லை, அதனால் அவளுக்கும் சேர்த்து நானே போட வேண்டியிருக்கிறது.

புனா கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் எங்கள் வீடும் அவள் வீடும் ஒரே சுவர். சாயர்புரத்துப் பக்கமிருந்து கல்யாணமாகி வந்தவள் அவள். வலிப்பு உண்டு என்பதை மறைத்துத்தான் கட்டிக்கொடுத்திருந்தார்கள். புருஷன் நல்ல மனுஷன், தெரிந்தபின்னும் ஒரு சொல் சொன்னதில்லை. அவர் திடீரென்று மாரடைப்பில் போனார். அவருக்குப் பதிலாக இவளுக்குத் தொழிற்சாலைப் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை கொடுத்தார்கள், குவார்ட்டர்ஸும் நிலைத்தது. ஆனால் வலிப்பு அதிகமாகிவிட்டது. ஒருமுறை ஸ்டவ்மேல் விழுந்து இடதுகை முழுக்க வெந்துபோனது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

தொண்ணூற்று மூன்றில் அவளுக்காக அவர்கள் சபையில் உபவாச ஜெபம் வைத்தார்கள். அதே சமயத்தில்தான் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த டாக்டர் மாத்திரையை மாற்றினார். அதன்பின் அவள் விழவில்லை. "டாக்டர அனுப்புனதும் அவருதாம்" என்று ஜெபமணி மேலே கையைக் காட்டுவாள். நான் கூடச் சரி என்று தலையாட்டினேன். அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

மூன்று வருஷம் கழித்து அந்தச் சபைப் பாஸ்டர் அவள் சாட்சியைப் புத்தகமாகப் போட்டார். கஷ்டத்திலிருந்து மீண்டவர்களின் கதையை மெல்லிசான புத்தகமாக அச்சடித்து, ஆராதனை முடிந்ததும் வாசலில் மேசை போட்டு விற்பது அவர்கள் வழக்கம். 'விழுந்தவள் நிற்கிறாள்' என்று பெயர், அட்டையில் ஜெபமணியின் படம். அச்சுக்குப் போகுமுன் பாஸ்டர் அவளுக்கு வாசித்துக் காட்டினார். அதில் அவள் ஹோல்கர் பாலத்தில் நின்று மாத்திரைகளை எல்லாம் முளா ஆற்றில் கொட்டியிருந்தாள்.

"பாஸ்டரய்யா, நான் இன்னும் மாத்திர சாப்பிட்டுட்டுதான இருக்கேன்?"

"வாசிக்கிறவங்களுக்கு விசுவாசம் வரணும் சிஸ்டர். மாத்திரையப் போட்டா மகிமை மாத்திரைக்குப் போயிடும்."

அதோடு நிற்காமல் இன்னொரு பத்தியும் சேர்த்தார். உனக்குப் பிரியமானவர்களே வந்து மருந்தைச் சாப்பிடு என்பார்கள், அது சோதனை, செவிகொடுக்காதே என்று. அவர் கெட்டவர் இல்லை. ஜெபமணியின் புருஷன் செத்த வீட்டில் அடுப்பு எரிய வைத்தவர் அவர்தான். அந்த நன்றியில் இவள் தலையாட்டிவிட்டு வந்தாள்.

கட்கி பஜாரில் மருந்துக்கடை வைத்திருந்தவர் சபைக்காரர். அதனால் நான்தான் புனா கேம்ப் கடைத்தெரு வரை போய் அவளுக்கு மாத்திரை வாங்கி வருவேன். புத்தகம் அதன்பாட்டுக்கு ஊர் ஊராய்ப் போனது. புருஷனை இழந்தவர்களும் வேலை போனவர்களும் அதைப் படித்து ஆறுதல் அடைந்தார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் "உங்க புக்கு படிச்சேன்" என்று யாராவது வந்து நின்றால் ஜெபமணிக்கு முகம் வெளுத்துவிடும். முதல் வேலையாக, "உங்களுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லைல்லா?" என்று கேட்பாள். பல வருஷம் எல்லாரும் இல்லை என்றுதான் சொன்னார்கள்.

இரண்டாயிரத்து இரண்டில் சாங்வியிலிருந்து மேரி வந்தாள். சின்ன வயசுக்காரி, புனாவிலேயே பிறந்து வளர்ந்தவள். மகள் பெனிட்டாவுக்கு வலிப்பு. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜெபமணி நனைந்த குடையை மடக்காமல் என் வீட்டுக்குள் வந்து நின்றாள்.

"கிரிஜா, அவ பிள்ளைக்கு மாத்திரைய நிறுத்திட்டாளாம். என் கையப் பிடிச்சு முத்தம் குடுத்துட்டுப் போறா."

"நீ என்ன சொன்னே?"

"ஸ்தோத்திரம்னு சொல்லிட்டேன். வாயில அதுதான் வந்துது."

எனக்கு வந்த கோபத்தில் அவளை அடித்திருப்பேன். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியும். பழைய மாத்திரைக் காலத்தில் ஒருதடவை ஊருக்குப் போன இடத்தில் மாத்திரை தீர்ந்து, விட்டுவிட்டு வலிப்பு வந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு செத்துப் பிழைத்தவள் அவள். மறுநாளே அவளை இழுத்துக்கொண்டு சாங்விக்குப் பஸ் ஏறினேன்.

மேரி எங்களுக்குச் சாய் போட்டுக் கொடுத்தாள். புருஷன் ராஜா கம்பெனி வேலையாக நாசிக் போயிருந்தான். பெனிட்டா தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். பேச்சுக்கு நடுவில் அவள் பென்சில் ஓரிடத்தில் நின்றது. கண் ஒரு பக்கமாக நிலைத்து, உதடு மட்டும் எதையோ மெல்வதுபோல் அசைந்தது. கொஞ்ச நேரத்தில் ஒன்றும் நடக்காததுபோல மறுபடி வரைய ஆரம்பித்தாள்.

"ஏதோ யோசிக்கிறா" என்றாள் மேரி.

ஜெபமணி என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது. அவள் பைக்குள்ளிருந்து மாத்திரை அட்டையை எடுத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். ஆற்றில் எதையும் கொட்டவில்லை என்றாள், நேற்று ராத்திரிகூடச் சாப்பிட்டேன் என்றாள். மேரி கண்ணில் கோபம் வரவில்லை. அப்படி வந்திருந்தால் நான் தைரியமாக இருந்திருப்பேன்.

மேரிக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்ததால் புத்தகம் முழுக்க அவளுக்கு மனப்பாடம். பாஸ்டர் சேர்த்த அந்தச் சோதனைப் பத்தியை அப்படியே ஒப்பித்துவிட்டுச் சொன்னாள். "பிரியமானவங்க யாராவது வருவாங்கன்னு காத்துட்டுதான் இருந்தேன் ஆன்ட்டி. எங்க அம்மா வருவாங்கன்னு நெனச்சேன். நீங்களே வருவீங்கன்னு நெனக்கல."

பஸ் ஏறிக் கட்கிக்குத் திரும்பினோம். வீட்டு வாசலில் வந்து ஜெபமணி பேசினாள். "சொன்னா நம்பமாட்டேங்கா. கண்ணால பாத்தா நம்புவா."

"என்னத்தப் பாக்கணும்?"

"மாத்திர இல்லன்னா நான் என்ன ஆவேன்னு பாக்கணும்."

நான் திட்டினேன், கெஞ்சினேன், அவள் காலைக்கூடப் பிடித்தேன். ராத்திரி வந்து வாயில் மாத்திரையைத் திணிப்பேன் என்று மிரட்டினேன். அவள் கேட்கவில்லை. வாரம் முழுக்க நான் சுவரில் காதை வைத்துக்கொண்டு கிடந்தேன். தொழிற்சாலையில் குண்டு வெடித்துச் சோதிக்கிற சத்தம் எங்களுக்குப் பழகிப்போனது. அந்த வாரம் மட்டும் ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள்தான் விழுந்துவிட்டாள் என்று ஓடினேன். அவள் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருப்பாள். கைவிரல்கள் மட்டும் அவ்வப்போது தாமாகத் துள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சி சொல்கிற நேரத்தில் அவள் எழுந்தாள். நான் பக்கத்திலேயே இருந்தேன். மேரி முன்வரிசையில் மகளோடு உட்கார்ந்திருந்தாள். மைக்கைப் பிடித்து, "நான் சொன்னது பொய்" என்கிற வரைக்கும்தான் ஜெபமணியால் பேச முடிந்தது. அப்புறம் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தை நான் எழுத மாட்டேன். பீடத்தின் படியில் தலை மோதி ரத்தம் வந்தது. ஒரு வலிப்பு நின்று மூச்சு வாங்குவதற்குள் அடுத்தது வந்தது. சுற்றி நின்று ஜெபம் பண்ணினார்கள். அவர்களைப் பிடித்துத் தள்ளிவிட்டு ரிக்‌ஷாவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அவளுக்கு நினைவு வருமுன்பே நான் சாங்விக்குப் போய்விட்டேன். இனிமேலாவது நம்பியிருப்பாள் என்ற நம்பிக்கையில் போனேன். மேரி அழுது கண் வீங்கியிருந்தாள். ஜெபமணிக்காகத்தான் அழுதிருந்தாள்.

"பாவம் ஆன்ட்டி. ஆனா மத்லப்... அதாவது, நீங்களே யோசிங்க. திருட்டுத்தனமா மாத்திரை தின்னவங்கதானே விழுந்தாங்க? அந்தத் தப்ப நான் என் பிள்ளைக்குச் செய்ய மாட்டேன்."

நிறுத்தியதால்தான் விழுந்தாள் என்று கத்தினேன். அவள் என் தலைமேல் கைவைத்து ஜெபிக்க வந்தாள். கையைத் தட்டிவிட்டு வெளியே வந்தேன். படியிறங்கி ரோட்டுக்கு வந்தபோது பின்னால் யாரோ வந்தார்கள். மேரியின் புருஷன் ராஜா. நாசிக்கிலிருந்து முந்தின நாள்தான் வந்திருக்கிறான். உள்ளே நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான்.

"நேத்து பிள்ள தூக்கத்துல வெட்டி வெட்டி இழுத்தா" என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு. "மேரி பிசாசுங்கிறா. டாக்டரோட பழைய மருந்துச் சீட்டு எங்கிட்ட இருக்கு. மாத்திரைய நான் குடுத்துடுறேன். அவளுக்கு மட்டும் தெரிய வேணாம்."

அன்றே டாக்டரைப் பார்த்து மாத்திரையைத் தொடங்கினான். காலையில் பள்ளிக்கூடத்தில் கொண்டுவிடும்போது ஸ்கூட்டரில் வைத்தும், சாயங்காலம் மாடிப்படியில் வைத்தும் கொடுத்தான். பெனிட்டா பிழைத்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த ஜெபமணியிடம் இதைச் சொன்னபோது, வாய் கோணியபடியே சிரித்தாள். விழுந்ததில் அவள் வலக்கை சுரணை பாதி போயிருந்தது. பேச்சும் குழறியது. "நான் விழுந்தது வீண் போவல" என்று சொல்ல அவளுக்கு வெகுநேரம் ஆனது. எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான்.

அந்தச் சந்தோஷம் கிறிஸ்துமஸ் வரைக்கும்தான். பண்டிகை வாரத்தில் அவளைக் கைத்தாங்கலாகச் சபைக்குக் கூட்டிப்போனேன். புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு வந்திருந்தது. ஜெபமணியை எடுத்துவிட்டு அட்டையில் பெனிட்டாவைப் போட்டிருந்தார்கள். மாத்திரை இல்லாமல் மாதக்கணக்காகப் பிள்ளைக்கு ஒன்றும் வரவில்லை என்று மேரி மேடையில் நின்று சொன்னாள். கேட்டவர்கள் அழுதார்கள். ராஜா மகள் கையைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நின்றான்.

ஜெபமணி எழுந்தாள். சபை திரும்பிப் பார்த்தது.

"சிஸ்டர், ஏதாவது சொல்லணுமா?" என்றார் பாஸ்டர், இரக்கத்தோடு.

அப்போது ராஜா நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன். உண்மையைச் சொன்னால் அன்று ராத்திரியே அந்தப் பிள்ளைக்கு மாத்திரை நின்றுவிடும். சொல்லாவிட்டால் வாசலில் அடுக்கி வைத்திருக்கிற புத்தகம் எத்தனை வீட்டுக்குப் போகுமோ தெரியாது. ஜெபமணி பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பிள்ள நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

வெளியே வந்தபோது மேசையைச் சுற்றி ஒரே கூட்டம். ஒரு காலில் கட்டுப் போட்ட பெரியவர் ஒருவர் ஊன்றுகோலோடு நின்று புத்தகம் வாங்கிக்கொண்டிருந்தார். ஜெபமணி என் கையை உதறிவிட்டு அவரிடம் போனாள்.

"சக்கரையா? ஊசி போடுதியளா?" என்று குழறிக் கேட்டாள்.

"போட்டுக்கிட்டுத்தான் இருந்தேன் தாயி. இனிமே வேண்டாம்னு இருக்கேன்" என்று அவர் நிம்மதியாகச் சிரித்தார்.

மேரி சில அடி தூரத்தில் எல்லாருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தாள். ஜெபமணி அவளை ஒருமுறை பார்த்தாள். பிறகு சுரணை இருந்த இடக்கையால் பெரியவரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "உங்க வீடு எங்க இருக்கு அண்ணாச்சி? வீட்டுல கூட யாரு இருக்கா?" என்று கேட்டாள்.