சிபிலியா கண்ட கறுப்பு

சிபிலியாவின் வாய்க்குப் பயப்படாத ஆண் எங்கள் ஊரில் கிடையாது. கொள்ளைநோயில் கணவன் போனபின், ஊர்க் கோட்டைக் கதவை ஒட்டிய மாதா கோயில் மணிக்கூண்டுக் காவலை அவளே ஏற்றுக்கொண்டாள். ஆபத்து மணி அடித்தால் கோட்டைக் கதவு உடனே இறங்கிவிடும். அப்புறம் வெளியே நிற்பது யாராக இருந்தாலும் திறக்க மாட்டார்கள்.

ஆங்கிலேய இளவரசனின் படை துலூஸ் பக்கம் ஊர் ஊராக எரிக்கிறது என்று கேள்விப்பட்ட மாதம் அது. அறுத்த வயல்களில் மிச்சமான தாளுக்குத் தீ வைக்கும் மாதமும் அதுதான். தாள் புகையை எதிரி என்று நினைத்து இரண்டு தடவை மணியடித்துவிட்டாள் சிபிலியா.

"ஏக்கா, இன்னொரு தடவை தாளுக்கு மணியடிச்சே, உன்னையே கயித்துல கட்டித் தொங்கவிடுவேன்!" என்று கத்தினான் கதவுக் காவலன் ஆர்னோ.

"தொங்கவிடுடா! உன் காலி மண்டையைத் தட்டுறதைவிட நல்ல சத்தம் வரும்!"

மறுநாள் காலை மேற்கே மறுபடியும் புகை. கயிற்றைத் தொட்டவள், ஊர் சிரிக்குமே என்று கையை எடுத்துவிட்டாள். பாழாய்ப்போன ரோஷம்! அவளுடைய ஒரே மகள் ரிசெண்டா அப்போது ஓடைக்கரையில், நீலச்சாய இலை அரைக்கும் ஆலையில் இருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் அடுத்த ஊரின் கூரைகள் எரிவது தெரிந்தது. அதற்குள் எதிரிக் குதிரைக்காரர்கள் ஆலைக்குள் புகுந்துவிட்டார்கள். கிழட்டு ஆலைக்காரனை ஈட்டியால் குத்திச் சுவரோடு சேர்த்து நிறுத்தினார்கள். ரிசெண்டா பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கோட்டையை நோக்கி ஓடி வந்தாள். நாலு குதிரைகள் அவள் முதுகுக்குப் பின்னால்.

அவள் உள்ளே வரும்வரை பொறுத்தால் குதிரைகளும் கூடவே நுழைந்துவிடும். கீழே சந்தையில் முந்நூறு பேர், கைக்குழந்தைகள் வேறு. "ஓடுடி, என் ராசாத்தி, ஓடு!" என்று அலறிக்கொண்டே சிபிலியா கயிற்றை இழுத்தாள்.

கதவு இறங்கியது. இருபதடி தள்ளி நின்றுபோன பெண் ஓடிவந்து கதவை அறைந்தாள்.

"அம்மா! திறக்கச் சொல்லும்மா!"

ஆர்னோ அழுதுகொண்டே மேலே பார்த்தான். "அக்கா, திறந்திரவா?"

"திறக்காதே!" என்றாள் சிபிலியா. கை மட்டும் மணிக்கயிற்றை விடவில்லை.

ஒருவன் ரிசெண்டாவின் தோளில் வெட்டினான். இன்னொருவன் தலைமுடியைப் பிடித்து இழுத்துப்போய் ஆலையின் இலைக் கொட்டகைக்குள் தள்ளினான். வெளியே தாழிட்டுக் கூரைக்குத் தீ வைத்தார்கள். கோட்டையை உடைக்கப் பொழுதில்லாமல் மாலைக்குள் கிளம்பியும் போனார்கள்.

வருஷங்கள் கழித்து, ஊசி நூல் விற்க வந்த ஒருவன் கிணற்றடியில் கதை அளந்தான். "அந்த ஆங்கிலேய இளவரசனைக் கறுப்பு இளவரசன்னு சொல்றாங்களே, ஏன் தெரியுமா? அவன் கவசம் மையாட்டம் கறுப்பாம், பளபளன்னு இருக்குமாம்."

சிபிலியா குடத்தை இறக்கி வைத்தாள்.

"கவசமாவது மண்ணாவது! அவனை நான் பார்த்ததேயில்ல. அவன் அனுப்புன பயலுக போட்டிருந்தது துருப்பிடிச்ச இரும்பு. எம் மகளைக் கொட்டகையிலேருந்து நாந்தான் தூக்கிட்டு வந்தேன். கறுப்புன்னா என்னன்னு எனக்குத் தெரியும். தூக்குறப்ப அவ விரல் என் கையோட வந்துருச்சுய்யா."