மாட்டுக்குக் கொடுத்த மண்டலம்

கமலை இறைப்பவன் மாடுகள் இழுக்கும் வடக்கயிற்றின் மேல் உட்கார வேண்டும். மாடுகள் சரிவில் இறங்கும்போது ஆளின் பாரமும் சேர்ந்தால்தான் கிணற்றிலிருந்து தண்ணீர் நிறைந்த சால் மேலே வரும். பதினைந்து வயதிலிருந்து நான் அப்படி உட்கார்ந்து பிழைத்தவன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் தொடக்கம். கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு கிணறும் கத்தரிக் கொல்லையும் இருந்தன. மூத்திரம் போகும்போது எரிந்தது; நீர்க்கடுப்புதானே என்று இளநீரும் மோருமாகக் குடித்து ஒரு வருஷத்தை வீணாக்கினேன். மூத்திரத்தில் ரத்தம் போன பிறகுதான் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூத்திரப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பியில் புற்றுநோய் என்றார் டாக்டர். அடியோடு தீர்க்க முடியாது, அடக்கி வைக்கலாம். ஒன்று, ஆயுள் முழுக்க மாத்திரை. அது எங்கள் பக்கம் கிடைக்காது. இல்லையென்றால் விதைகள் இரண்டையும் எடுத்துவிட வேண்டும்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எத்தனை காளைக் கன்றுகளுக்குக் காயடிக்கும்போது நான் காலை அமுக்கிப் பிடித்திருக்கிறேன்! இப்போது என்னைப் படுக்கச் சொல்கிறார்கள். வராந்தாவில் காத்திருந்த மனைவியிடம் போய்ச் சொன்னேன். அவள் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

“பேரன் பேத்தி எடுத்தாச்சு. இனிமே அது எதுக்குங்க? எனக்கு நீங்க இருந்தாப் போதும்.”

“வேலை பாக்க முடியாமப் போச்சுன்னா?”

“நம்ம மாடு ரெண்டும் பாக்கலையா?”

உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டேன்.

ரெண்டு மாதம் பாரமான வேலை கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து படுத்தே கிடந்தேன். கமலையை அவள்தான் ஓட்டினாள். அவள் எடைக்கு அரைச் சால்தான் வந்தது, கத்தரி வாடியது. இருபதாம் நாள் பொறுக்க முடியவில்லை. உட்காருவது ஒரு பாரமான வேலையா என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு வடத்தில் ஏறிவிட்டேன். மூன்றாவது சாலில் கண் இருட்டியது. வேட்டியெல்லாம் ரத்தம்.

அவள் ஓடி வந்து தாங்கிப் பிடித்தாள். அப்படி அவள் கத்தி நான் கேட்டதில்லை.

“காயடிச்ச மாட்டை ஒரு மண்டலம் நொகத்துல பூட்ட மாட்டீங்க. ஒங்க ஒடம்பு என்ன, மாட்டைவிடக் கேவலமா?”

வெட்கமாக இருந்தது. மறுபடி புண் ஆறியதும், அன்றிலிருந்து நாற்பத்தெட்டு நாள் எண்ணினாள். அவள் சொன்னபடி படுத்துக் கிடந்தேன்.

காயடித்த மாட்டை முதன்முதலாக நுகத்தில் பூட்டும் காலையில் அதன் நெற்றியில் விபூதி பூசுவது எங்கள் வீட்டு வழக்கம். நாற்பத்தொன்பதாம் நாள் கிணற்றடிக்குப் போனேன். அவள் விபூதித் தட்டோடு நின்றாள். மாடுகளைத் தாண்டி வந்து, என் நெற்றியில் பூசினாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. நோய் உள்ளேதான் இருந்தது. மெதுவாக வடத்தில் உட்கார்ந்து மாடுகளை அதட்டினேன். சால் நிறைந்து வந்தது.