ஒன்பதாம் தளத்தில் விழுந்தவன்

மகன் குளிக்கப் போய்ப் பத்து நிமிடம் ஆனால் கதவைத் தட்டும் ஆள் நான். சென்ற வாரம் அவன் தேக்கா சந்தைக்குப் பக்கத்துப் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு வீடியோ கேம் வாங்கி வந்து, "அம்மா, இது நீங்க சின்ன வயசுல ஆடினதுதானே? நல்லா இருக்குமா?" என்று கேட்டான்.

நல்ல விளையாட்டுதான். படம் கட்டம் கட்டமாகத் தெரியும், ஒரே இசை ஓயாமல் ஒலித்துத் தலைவலி தரும். ஆனால் ஊர் கட்டுகிற சுகம் எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை. ஊருக்கு அடியில் ஒன்பது தளப் பாதாளம். மூன்று பேரை இறக்கி, பூதங்களோடு மோதி, கல்லும் மரமும் கொண்டுவந்தால் மேலே ஒரு ரொட்டிக்கடை, ஒரு கிணறு, ஒரு பள்ளிக்கூடம் என்று முளைக்கும். உள்ளே ஒருவன் விழுந்தால் தூக்கி வந்து பிழைக்க வைக்கலாம். மூவரும் விழுந்தால் மூட்டையில் இருப்பதெல்லாம் போய்விடும்.

எனக்கு அப்போது பத்து வயது. ஜூன் பள்ளி விடுமுறை. கப்பல் பட்டறையில் வேலை பார்த்த அப்பா, ஞாயிற்றுக்கிழமைகூட வீட்டில் தங்காதவர், ஒரு வாரம் முழுவதும் வீட்டில் இருந்தார். எனக்காக லீவு போட்டிருக்கிறார் என்று எங்கள் அடுக்குமாடி புளோக் முழுக்கப் பீற்றிக்கொண்டேன். அம்மா அவர் முன்னால் கோப்பியை வைப்பதும், ஆறிய பிறகு எடுத்துப் போவதுமாக இருந்தார்.

அப்பா ஆடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினார்.

"எத்தனை பேர் உள்ள போறாங்க?"

"மூணு பேர்ப்பா."

மேலே வந்ததும், "மூணு பேரும் வந்தாச்சா?"

"நீங்க என்ன டிக்கெட் கிழிக்கிறவரா?" என்று கிண்டல் செய்வேன். மறுமுறையும் கேட்பார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், ஒன்பதாம் தளத்தில் என் ஆள் ஒருவன் விழுந்தான். மூட்டை நிறைய, விடுமுறை முழுவதும் தேடிய மணிக்கூண்டுக் கல். ஊருக்குத் திரும்பும் வாசல் எதிரிலேயே இருந்தது.

"திரும்பிப் போய் அவனத் தூக்கு" என்றார் அப்பா.

"போனா மத்த ரெண்டு பேரும் காலி. விட்டுட்டு வந்தா சத்திரத்துல புது ஆள் எடுத்துக்கலாம். எல்லாரும் அப்படித்தான் ஆடுவாங்க லா."

"ஆளு உள்ள இருக்கான்லம்மா."

அதுவரை தொடாத கண்ட்ரோலரை என்னிடமிருந்து பிடுங்கினார். எந்தப் பொத்தான் எதற்கென்று தெரியாமல் சுவர் சுவராக முட்டி, எப்படியோ விழுந்தவனுக்குப் பக்கத்தில் வரை போய்விட்டார். அங்கே மற்ற இருவரும் விழுந்தார்கள். கல் போயிற்று. நான் கத்தி அழுதேன். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அப்பா இறந்து ஒரு வருடமாகிறது. போன மாதம்தான் அம்மா சொன்னார். அந்த வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை, கப்பலின் எண்ணெய்த் தொட்டியைச் சுத்தம் செய்ய மூன்று பேர் இறங்கியிருக்கிறார்கள். தொட்டியின் வாயில் காவல் நிற்பது அப்பாவின் வேலை. இறங்குகிறவர்களை எண்ண வேண்டும், ஏறுகிறவர்களை எண்ண வேண்டும், உள்ளே விஷவாயுவில் யாராவது மயங்கினால் ஆள் கூப்பிட வேண்டும். என்ன ஆனாலும் காவல்காரர் உள்ளே இறங்கக்கூடாது என்பது விதி. அப்பா இறங்கவில்லை. இரண்டு பேர் ஏறி வந்தார்கள்.

இதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. கண்ணை மூடினால் அந்த மத்தியானம்தான் வருகிறது. திரை கறுத்த பிறகும் அப்பா வெகுநேரம் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார். ஆட்டம் முடிந்ததுகூடத் தெரியாத மனிதர் என்று நினைத்து, நான் எழுந்து போய் டிவியை அணைத்தேன்.