வேலிக்கம்பியில் மாட்டிய மான்

வாரத்தில் ஆறு நாள் பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போய் வருகிறவள் நான். லீவு கிடைக்கிற ஒரே நாளான ஞாயிற்றுக்கிழமையில், எங்கள் ஊருக்கு வெளியே பூதிகோட்டை ரோட்டில் புதிதாகத் திறந்த வனப் பூங்காவுக்குப் போகலாம் என்று என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரை எடுத்தார்.

வாசலிலேயே சிமெண்ட் புலி. அதன் முதுகில் ஏறிப் பிள்ளைகள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஊஞ்சல், தைல மரங்கள். பின்பக்கம் போனபோதுதான் அந்தப் பெட்டை மானைப் பார்த்தோம். பின்னங்கால் முள்கம்பி வேலியில் சிக்கியிருந்தது; இழுக்க இழுக்கக் கம்பி இன்னும் இறுகியது. பக்கத்து ஏரிக்குத் தண்ணீர் குடிக்க மான்கள் காலங்காலமாகப் போகிற வழியை மறித்துத்தான் அந்த வேலியைப் போட்டிருந்தார்கள். சுற்றி நின்றவர்கள் செல்போனில் படம் பிடித்தார்கள்.

காவலாளியைக் கூப்பிட்டேன். அவர் பங்காருபேட்டையில் இருந்த வனத்துறை அதிகாரிக்குப் போன் போட்டார். வண்டி வருகிறது என்று பதில் வந்தது. வெயில் ஏறியது, வண்டி வரவில்லை. மானின் வாயில் நுரை தள்ளிவிட்டது.

"நாங்களே கம்பிய அறுத்துடறோம்" என்றேன்.

"ஆபீசர் சொல்லாம தொட்டா கேஸ் ஆயிடும்மா."

"அது செத்துப்போனா யார் மேல கேஸ் போடுவீங்க?"

வேலை போய்விடும் என்ற பயம் அவர் முகத்தில் தெரிந்தது. அவரைத் திட்டி என்ன பயன் என்று எனக்கே அலுத்துப்போனது.

என் வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன். போய் ஸ்கூட்டரிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்து வந்தார். என் துப்பட்டாவை மானின் கண்ணை மூடிப் போட்டு, நான் கழுத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அதன் நெஞ்சு என் கைக்குக் கீழே அடித்துக்கொண்டது. கம்பி அறுந்ததும் உதறி எழுந்து, மூன்று காலில் நொண்டிக்கொண்டே புதருக்குள் போய்விட்டது.

அதற்கப்புறம் வண்டி வந்தது. இறங்கிய அதிகாரி மானைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேலியை அறுத்தது யார் என்றுதான் கேட்டார். அரசாங்கச் சொத்து என்று எல்லார் முன்னாலும் என் வீட்டுக்காரரை ஏசினார். மான் போக ஒரு இடைவெளி விடக்கூடாதா என்று கேட்டேன். ஆபீசில் எழுதிக் கொடுங்கள் என்றார். மறுநாள் லீவு போட்டு, போய்க் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறு நான் மட்டும் போய்ப் பார்த்தேன். அறுத்த இடத்தில் புதுக் கம்பியை இரண்டு வரியாக இழுத்துக் கட்டியிருந்தார்கள்.

"இந்தப் பக்கம் யாரையும் விடக்கூடாதுன்னு சொல்லிட்டாங்கம்மா, போங்க" என்றார் காவலாளி.