குதிரை ஒப்புக்கொண்ட துணி

எங்கள் ஊர்த் தையல்காரி செவெல்மாவிடம் குளிர்கால அங்கி தைக்கக் கொடுத்தால், துணி பார்க்க ஆள் மட்டும் போனால் போதாது. குதிரையும் போக வேண்டும். வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மைனஸ் நாற்பதில் குதிரையைத் தொலைத்துவிட்டு நடந்து பார்த்தவன் சிரிக்க மாட்டான்.

இந்தப் பழக்கம் வந்த கதையில் பாதி செவெல்மா வாயாலேயே வந்தது. மீதி, குதிரைக்காரர் நம்ஸ்ராயின் மனைவி யஞ்சிமா சொன்னது. யஞ்சிமாவுக்கு ஒரு விஷயம் தெரிந்துவிட்டால் ரேடியோக்காரனுக்கு வேலை இல்லை.

செவெல்மா நகரத்துத் தையல் ஆலையில் பதினாறு வருஷம் இருந்தவள். ஆலையை மூடியதும் மெஷினைச் சரக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு இங்கே வந்து இறங்கினாள். புருஷனைப் பற்றிக் கேட்டால், "நகரத்துல நல்லாத்தான் இருக்கான். பாவம், அவன்கூட இருக்கிறவ" என்பாள். ஊரில் ஏற்கெனவே ரெண்டு தையல்காரிகள் இருந்தார்கள். முதல் குளிர்காலத்திலேயே பேர் எடுக்காவிட்டால் மெஷினோடு மறுபடி லாரி ஏற வேண்டியதுதான். அது அவளுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் யஞ்சிமா கக்கத்தில் துணிச்சுருளோடு வந்தாள். பளபளவென்று நீலத் துணி. அதில் வாலைச் சுருட்டிக்கொண்டு தங்க டிராகன்கள்.

"எங்க ஆளுக்கு ஒரு தேல் தைக்கணும். பாரு, ஒவ்வொரு டிராகனும் எப்படிக் கண்ணை முழிச்சுப் பாக்குதுன்னு!"

தேல் என்றால் கழுத்தில் பொத்தான் போட்டால் முழங்காலுக்குக் கீழே வரை குளிரை வெளியே நிறுத்துகிற அங்கி. செவெல்மா துணியை வாயில் வைத்து ஊதினாள். மறுபக்கம் வைத்த உள்ளங்கையில் காற்று படவில்லை. ஒரு நூலை உருவி அடுப்பில் காட்டினாள். அது சுருண்டு கறுப்பு மணியாகிப் பிளாஸ்டிக் நாற்றம் அடித்தது.

"இது பட்டு இல்லக்கா. நைலான் வகை. ஆனா காத்து புகாது."

"என்ன வகையா இருந்தா என்ன? பாக்கிறவளுக்குக் கண்ணு கூசணும்."

பேர் வாங்க வேண்டியவள் வாதாடுவாளா? சரி என்றாள். ஆனால் உள்ளே வைப்பதில் மட்டும் யாரையும் கேட்கவில்லை. நடுவில் ஒட்டக ரோமத்தை ரெண்டு விரல் கனத்துக்குப் பரப்பி, கீழே இறங்கிவிடாதபடி நெருக்கித் தைத்தாள். உள்துணிக்குப் பழகிய பருத்திதான். உள்ளேயும் நைலான் போட்டால் ஓடிக் களைத்தவனின் வேர்வை எங்கே போகும்? முதுகிலேயே பனிக்கட்டியாகும்.

தேல் போய்ச் சேர்ந்தது. யஞ்சிமா அதைப் புருஷனுக்கு மாட்டி, கடை வாசலில் ரெண்டு தடவை சும்மா நடக்கவிட்டாள்.

பிறகு மூன்றாம் ஒன்பது வந்தது. குளிர்காலத்தை ஒன்பது ஒன்பது நாளாக எண்ணுகிற எங்களுக்கு, மூன்று வயதுக் காளையின் கொம்பே உறைந்துபோகும் நாட்கள் அவை. புயல் வருகிறது என்று தெரிந்து, குதிரைக் கூட்டத்தை ஓட்டி வர நம்ஸ்ராய் டிராகனோடு மலைக்குப் போனார்.

மூன்றாம் நாள் செவெல்மாவின் கதவைத் தட்டினார். உடம்பில் பழைய தேல். கக்கத்தில் நீல மூட்டை. மூக்கு நுனி கறுத்திருந்தது. லாரிக்காரன் எந்தக் கிழமை வருவான் என்று செவெல்மாவின் மனசு எண்ண ஆரம்பித்தது.

"தங்கச்சி, துணியா தெச்சே? தகரம் தெச்சிருக்கே!"

"என்னண்ணே ஆச்சு?"

"குளிர் ஏறினதும் வெறைச்சுப் போச்சு. கைய அசைச்சா சரக்கு, கால வெச்சா சரக்கு. குட்டியிலேர்ந்து வளத்ததுங்க, என்னப் பாத்துட்டு ஓநாய் வந்த மாதிரி ஓடுது! சேணத்த இறுக்கலாம்னு எறங்கினேன், என் செவலையும் பிச்சுக்கிட்டு ஓடிட்டான். வீட்டுக்கு நடுவுல ரெண்டு மலை. காத்து வேற கெளம்பிடுச்சு."

"அய்யோ!"

"அவுத்தேன். அந்தக் குளிர்ல அவுத்து, உள்துணி வெளிய வர்ற மாதிரி திருப்பிப் போட்டுக்கிட்டேன். பனியில அசையாம உக்காந்து விசில் அடிச்சேன். ரொம்ப நேரம் கழிச்சு செவலை வந்தான். தோள மோந்தான். நின்னான். ஒரு குதிரையும் தவறல. மூக்கு மட்டும்தான் கொஞ்சம் வெந்துபோச்சு."

செவெல்மா தலை குனிந்தாள். "தப்பு என்னுதுதாண்ணே. நகரத்துல துணிய நெருப்புல காட்டுவோம். பனியில காட்ட மாட்டோம். அங்க யாரு குதிரைகிட்ட போறா?" பிறகு கேட்காமல் இருக்க முடியவில்லை. "ஊர்ல... சொல்லிட்டீங்களா?"

"கடையில கேட்டானுங்க, மூக்குக்கு என்ன ஆச்சுன்னு. பொண்டாட்டி கடிச்சிட்டான்னேன்."

"நம்பினாங்களா?"

"ஒருத்தன்கூட மறுகேள்வி கேக்கல."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் செவெல்மா ரெண்டையும் செய்தாள்.

"ஏண்ணே என் பேரைச் சொல்லல?"

"வெளித்துணி குதிரைய வெரட்டிச்சு, உள்துணி கூப்பிட்டுக் குடுத்துச்சு. ரெண்டையும் தெச்சவ நீ. திட்டறதா கும்பிடறதான்னு வழி பூரா யோசிச்சேன். பசிதான் வந்துச்சு. முதல்ல டீ போடு."

உப்புத் தேநீரைக் கெட்டிலில் ஏற்றியவள், பெட்டியிலிருந்த மூன்று துணிகளை முற்றத்துக் கொடியில் போட்டாள். கெட்டில் கொதிப்பதற்குள் அவை உறைந்துவிட்டன. ஒவ்வொன்றையும் காதருகே கசக்கினாள். முதலாவது காகிதம் போல் கத்தியது. ரெண்டாவது சருகு போல் முனகியது. மூன்றாவது பழுப்புக் கம்பளி, ஊமை. ஊதிப் பார்த்தால் மட்டும் காற்று புகுந்தது. அதனாலென்ன, அடியில் நெருக்கி நெய்த பருத்தி ஒன்று வைத்துவிட்டால் போச்சு.

"இதுதாண்ணே."

"உன் காது மனுஷக் காது. அவன் சொல்லட்டும்."

செவலையை வேலியோரம் இழுத்து வந்தார். செவெல்மா உறைந்த கம்பளியை அதன் முகத்தருகே உதறினாள். ஒரு காது பின்னால் போனது. அவள் உதறுவதை நிறுத்தினாள். காது திரும்பி வந்தது. செவலை கம்பளியை மோந்துவிட்டு, பல்லெல்லாம் தெரியக் கொட்டாவி விட்டது.

"சம்மதமாம்," என்றார் நம்ஸ்ராய்.

அதிலிருந்து நான்காம் நாள் தேல் தயார். புதுத்துணி போட்டவருக்குச் சொல்லும் வாழ்த்தை எத்தனையோ பேருக்கு அவள் வாய் பழக்கத்தில் சொல்லியிருந்தது. அன்றைக்கு மட்டும் ஒவ்வொரு சொல்லையும் நினைத்துச் சொன்னாள். "துணி நைஞ்சு போகட்டும்ணே. போட்டவர் நெலச்சு இருக்கட்டும்."

அந்தக் குளிர்காலம் முழுக்க ஊர்ப் பெண்கள் யஞ்சிமாவை ஒரு புது மரியாதையோடு பார்த்தார்கள். வசந்தத்தில் மானம் போவது பொறுக்காமல் அவளே உண்மையை உடைத்தாள். அதற்குள் நம்ஸ்ராயின் கம்பளித் தேலைப் பார்த்துப் பதினோரு குதிரைக்காரர்கள் குதிரையும் கையுமாக வேலியில் வந்து நின்றுவிட்டார்கள். லாரிக்காரனை செவெல்மா மறந்தே போனாள்.

நீலத் துணி இப்போது மெஷினுக்கு உறை. காலையில் எடுக்கும்போது இன்னும் சரக்கென்கிறது. முதல் தேநீரை வானத்துக்குத் தெளிப்பது எல்லார் வீட்டிலும் உண்டு. செவெல்மா அதில் ஒரு சொட்டை நம்ஸ்ராயின் மலைப் பக்கமும் தெளிப்பாள். ஒருநாள் யஞ்சிமா பார்த்துவிட்டாள்.

"எம் புருஷன் பக்கம் எதுக்குடி தெளிக்கிறே?"

"அவருக்கு இல்லக்கா. அவரு மூக்குக்கு."