அண்ணனுக்கு நான்கு மாதம் இளையவர்

ஒவ்வொரு ஜனவரியிலும், அடுத்த பன்னிரண்டு மாதங்களில் ஓய்வுபெறப் போகிறவர்களின் பட்டியலை நான்தான் தயாரிப்பேன். கல்வி அலுவலகத்தில் ஆசிரியரல்லாத பணியாளர்களின் பிரிவு என்னுடையது. அரசுப் பள்ளிகளில் இருக்கும் எழுத்தர்கள், ஆய்வக உதவியாளர்கள், அலுவலக உதவியாளர்கள், காவலர்கள் எல்லாருடைய நியமனமும் விடுப்பும் மாறுதலும் ஓய்வும் என் மேசை வழியாகத்தான் போகும். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கும் என் மைத்துனர், "அப்ப நீங்களும் ஹெச்.ஆர்.தானே மாப்பிள்ளை" என்பார். ஆமாம் என்று சொல்லிவைப்பேன். அவர், தனக்கு ஒருவரைப் பிடித்துப்போனால் வேலையில் வைத்துக்கொள்ள முடிகிறவர். நான் விதி சொல்வதைத் தட்டச்சு செய்கிறவன்.

அந்த ஆண்டுப் பட்டியல் பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள், மல்லசமுத்திரம் பக்கத்துப் பள்ளி ஒன்றிலிருந்து ஓர் அக்கா வந்தார். அந்தப் பள்ளியின் அலுவலக உதவியாளர். காலையில் கேட்டைத் திறப்பது, மணி அடிப்பது, சுற்றறிக்கையை வகுப்பு வகுப்பாக எடுத்துப் போவது, வயிற்றுவலி என்று வரும் பெண்பிள்ளைகளை அலுவலக அறைக்குப் பின்னால் படுக்கவைப்பது என்று எல்லாம் அவர் வேலை. தபால் கொடுக்க அடிக்கடி வருவார் என்பதால் எனக்கு முகம் பழக்கம்.

"ஏனுங்க சார், இந்தப் பட்டியல்ல எம்பேரு தப்பா வந்துருக்குதுங்க."

"எழுத்துப் பிழைங்களா அக்கா?"

"எழுத்தெல்லாஞ் செரியாத்தானுங்க இருக்குது. பேரு வந்ததுதானுங்க தப்பு. எனக்கு இன்னும் அறுவது ஆகுலீங்களே."

பணிப்பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். பிறந்த தேதி ஜூன் ஒன்று. எங்கள் பதிவேடுகளில் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள் கணக்கில்லாமல் இருப்பார்கள். அந்தக் காலத்தில் பள்ளி திறக்கும் அன்று சேர்க்க வரும் பிள்ளைக்குப் பிறந்த தேதி தெரியாவிட்டால், அன்றோடு ஐந்து வயது முடிந்ததாக வாத்தியாரே எழுதிவிடுவார். மாதத்தின் முதல் தேதியில் பிறந்தவர் முந்தைய மாதத்தின் கடைசி நாளிலேயே ஓய்வுபெற வேண்டும் என்பது விதி. ஆகவே மே கடைசியில் அவருக்கு ஓய்வு. பட்டியலில் பிழை இல்லை.

அதைச் சொன்னேன். அவர் பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு நகலை எடுத்து என் முன்னால் வைத்தார். அவர் படித்த தொடக்கப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டுப் பக்கம் அது. அடுத்தடுத்த இரண்டு வரிகளில் ஒரே தகப்பன் பெயர். முதல் வரியில் அவருடைய அண்ணன், பிறந்தது பிப்ரவரி. இரண்டாவது வரியில் இவர், பிறந்தது அதே ஆண்டு ஜூன்.

"எங்கப்பன் அண்ணனைச் சேர்த்தறதுக்குக் கூட்டிட்டுப் போனாருங்க. நானும் பொறத்தாலயே போயிருக்கறேன். பள்ளிக்கோடத்துல ஒரு புள்ள கொறையுதாமாங்க. கொறைஞ்சா ரெண்டாவது வாத்தியாரை வேற ஊருக்கு மாத்திப்போடுவாங்களாமா. 'இந்தப் புள்ளையையும் எழுதிக்கறேன், சும்மா உக்காந்துட்டுப் போகட்டும்'னு பெரிய வாத்தியாரு சொன்னாராமுங்க. எங்கப்பனுக்கு என்னங்க தெரியும், செரின்னுட்டாரு. மூணரை வயசுப் புள்ளையை அஞ்சு வயசுன்னு எழுதிட்டாங்க."

நான் அந்த இரண்டு வரிகளையும் மறுபடி பார்த்தேன். ஒரே தாய்க்கு நான்கு மாத இடைவெளியில் இரண்டு பிள்ளைகள். சிரித்துவிட்டேன். அவரும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அன்றைக்கு அந்தப் பிரிவில் இருந்த எல்லாருக்கும் அந்த நகலைக் காட்டினோம். ஒருவர்கூட அவர் சொல்வது பொய் என்று சொல்லவில்லை.

ஆனால் பணிப்பதிவேட்டில் ஏறிவிட்ட பிறந்த தேதியைத் திருத்த வேண்டுமானால், வேலையில் சேர்ந்த ஐந்து ஆண்டுகளுக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு வருவது எதையும் ஏற்கக் கூடாது. அவர் சேர்ந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. பள்ளிக் காவலராக இருந்த கணவர் இறந்தபோது, கைக்குழந்தையோடு நின்றவருக்குக் கருணை அடிப்படையில் கிடைத்த வேலை அது. அந்தக் குழந்தைதான் இப்போது சேலத்தில் நர்சிங் படிக்கிறாள். படிப்பு முடிய இன்னும் கிட்டத்தட்ட ஒன்றரை ஆண்டு இருந்தது. எழுத்தில் அவருக்குக் கூடிப்போன வயதும் அதே ஒன்றரை ஆண்டுதான்.

"அஞ்சு வருசத்துக்குள்ள மனு குடுத்திருந்தா ஏதாச்சும் பாக்கலாமுங்க அக்கா" என்றேன், பேச்சை முடிக்கத்தான்.

"குடுத்தேனுங்களே."

உறைக்குள்ளிருந்து இன்னொரு தாள் வந்தது. மடிப்புகள் கிழிந்து, பின்பக்கம் ஒட்டப்பட்டிருந்தது. வேலையில் சேர்ந்த மூன்றாம் ஆண்டு, தலைமையாசிரியர் மூலம் அவர் கொடுத்த மனுவின் நகல். மேலே எங்கள் அலுவலகத்தின் வட்ட முத்திரையும் வரவு எண்ணும் இருந்தன.

எனக்கு அன்று வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. "இதை முன்னாடியே காட்டக் கூடாதுங்களா, இது ஒண்ணு போதுமே" என்றேன். அவர் கும்பிட்டார். வெயிலில் பேருந்து நிறுத்தம் வரை அவரை என் வண்டியிலேயே கொண்டுபோய் விட்டேன்.

மறுநாள் பதிவறைக்குள் போனேன். அந்த வரவு எண்ணைப் பிடித்துக்கொண்டு தேடினால், மனு எங்கே போனது, யார் என்ன முடிவெடுத்தார்கள் என்று கண்டுபிடித்துவிடலாம். பழைய பதிவேடுகள் சாக்கில் கட்டிக் கிடந்தன. இரண்டாம் நாள் மதியம் கிடைத்தது. மனு வந்திருக்கிறது, பிரிவுக்குப் போயிருக்கிறது, பிறப்புக்கு ஆதாரம் கேட்டுப் பள்ளிக்குக் கடிதம் போயிருக்கிறது. அந்தச் சமயத்தில் அந்தப் பள்ளியில் தலைமையாசிரியர் மாறியிருந்தார். கடிதம் அந்த அக்கா கைக்குப் போகவே இல்லை. கடைசிக் கட்டத்தில், "பள்ளியிலிருந்து பதில் இல்லை. முடிக்கப்பட்டது" என்று எழுதி, ஓராண்டுக்குப் பின் அழித்துவிடலாம் என்னும் வகையில் கோப்பு சேர்க்கப்பட்டிருந்தது. கீழே சிறிய சுருக்கொப்பம்.

என்னுடையது.

நான் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆன நாட்கள் அவை. இளநிலை உதவியாளர். ஆண்டாய்வுக்கு அதிகாரி வருகிறார், நிலுவை என்று ஒரு தாள் இருக்கக் கூடாது என்று அப்போதைய கண்காணிப்பாளர் சொன்னார். பதில் வராத கோப்புகளை எல்லாம் எப்படி முடிப்பது என்று அவரே ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுத்தார். அன்று ஒரே நாளில் பக்கம் பக்கமாக அந்த வாக்கியத்தை எழுதினேன். வேகமாக முடித்ததற்காக எனக்கு டீ வாங்கித் தந்தார்கள். அதில் இந்த அக்காவின் பெயர் இருந்ததா என்று கேட்டால், எனக்கு நினைவே இல்லை. படித்துப் பார்த்திருந்தால்தானே நினைவிருக்கும்.

சென்னையில் இருக்கும் இயக்குநர் அலுவலகத்துக்குக் குறிப்பு எழுதினேன். உரிய காலத்தில் மனு பெறப்பட்டது, இவ்வலுவலகத்தின் தவறால் முடிவெடுக்கப்படாமல் முடிக்கப்பட்டது, அண்ணனின் பிறந்த தேதியே ஆதாரம், ஆகவே பரிந்துரைக்கப்படுகிறது என்று. இப்போதைய கண்காணிப்பாளர் நல்ல மனிதர். இரண்டு முறை படித்தார்.

"எல்லாஞ் செரி. இந்த 'இவ்வலுவலகத்தின் தவறால்'ங்கறதை எடுத்துருங்க."

"அதானுங்க சார் இதுல முக்கியமே."

"முக்கியந்தான். அதைப் பாத்ததும் யாரு தப்புன்னு மேல கேப்பாங்க. உங்களுக்கு மெமோ வரும், எனக்கு வரும், அதுக்கு விளக்கம், அதுக்கு விசாரணை. அந்தம்மா கோப்பு அதுக்குள்ள மாட்டிக்கும். இப்ப வேணுங்கறது உத்தரவுதானே?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்குப் பயமும் இருந்தது. எது என் கையை நகர்த்தியது என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அந்த வரியை எடுத்துவிட்டேன். "உரிய காலத்தில் விண்ணப்பித்ததாகத் தெரியவருகிறது" என்று மட்டும் போட்டோம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பள்ளித் தபாலோடு அந்த அக்கா வருவார். தபாலைக் கொடுத்துவிட்டு என் மேசைக்கு எதிரில் நிற்பார். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார். "ஒண்ணும் வருலீங்களா?" என்பார். "அனுப்பியிருக்குதுங்க அக்கா, பாக்கறாங்க" என்பேன். மார்ச்சில் ஒரு நினைவூட்டல் கடிதம், ஏப்ரலில் ஒன்று. போன் செய்தால் கோப்பு சட்டப் பிரிவில் இருக்கிறது என்றார்கள். விடுப்புப் போட்டுவிட்டு ரயிலேறிச் சென்னைக்கே போனேன். அங்கே இருந்த பெண், வயதில் என்னைவிடச் சின்னவர், மிகவும் மரியாதையாகப் பேசினார். அவருடைய மேசையிலும் என் மேசையைப் போலவே கட்டுகள். "சார், பிறந்த தேதி கேஸ் மட்டும் இங்க எவ்வளவு இருக்குன்னு பாருங்க" என்று காட்டினார். நானே அப்படிக் கோப்புகளை முடித்துவைத்தவன்; அவரிடம் கோபப்பட எனக்கு வாய் வரவில்லை.

திரும்பி வந்த வெள்ளிக்கிழமை அந்த அக்காவிடம், "நேர்லயே போய்ச் சொல்லிட்டு வந்துருக்கறேனுங்க" என்றேன். "எங்களுக்காக அவ்வளவு தூரம் போனீங்களா சார்" என்று கண் கலங்கினார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மே மாதக் கடைசி நாளில், ஓய்வு ஆணையை நானே எடுத்துப் போனேன். கோடை விடுமுறை. பள்ளியில் பிள்ளைகள் யாரும் இல்லை. தலைமையாசிரியையும் வீடு பக்கத்தில் இருக்கும் ஆசிரியர்கள் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். கேக் வெட்டினார்கள். "பசங்க இருக்கற நாளா இருந்தா இன்னைக்கு இவங்களை வெளிய விட்டிருக்க மாட்டாங்க சார்" என்று தலைமையாசிரியை என்னிடம் சொன்னார். அந்த அக்கா சாவிக்கொத்தை மேசைமேல் வைத்து, எந்தச் சாவி எந்த அறைக்கு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கழிப்பறைச் சாவி இறுகும், தேங்காய் எண்ணெய் போட வேண்டும் என்றார். யாரும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. பிறகு நான் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

ஆகஸ்டில் சென்னையிலிருந்து பதில் வந்தது. சுருக்கமான கடிதம். மேற்படி பணியாளர் மே மாதத்திலேயே ஓய்வுபெற்றுவிட்டபடியால், அவரது கோரிக்கையைப் பரிசீலிக்க இடமில்லை. நகலை அவரிடம் சேர்த்து ஒப்புதல் பெற்று அனுப்புக.

தபாலில் அனுப்பியிருக்கலாம். மனசு கேட்காமல் நானே போனேன். வீட்டில் இல்லை, தறிப் பட்டறைக்குப் போயிருக்கிறார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ஊர் எல்லையில் இருந்த அந்தப் பட்டறையின் வாசலில் நின்று சொல்லியனுப்பினேன். நூல் சுற்றும் வேலையாம். தலைமுடியெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்க, வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தார்.

"வாங்க சார். ஏனுங்க, வந்துருச்சுங்களா?"

படித்துச் சொன்னேன். பட்டறைச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. வேப்பமரத்தடிக்குத் தள்ளிப் போய் மறுபடியும் படித்தேன்.

"அப்ப வயசு செரியா தப்பான்னு அவிங்க பாக்கவே இல்லீங்களா?"

"இல்லீங்க அக்கா."

 மகள் பட்டறைக்கு வர வேண்டாம் என்று சண்டை போடுவதாகவும், படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன் என்றவளை இப்போதைக்கு அடக்கி வைத்திருப்பதாகவும் சொன்னார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அந்த மனு என் மேசைக்கு வந்தது, பதில் வரவில்லை என்று நான்தான் முடித்தது, ஆய்வு வருகிறது என்று அவசரப்படுத்தியது, குறிப்பில் ஒரு வரியை எழுதிப் பிறகு எடுத்தது. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"அந்த ஆய்வு நல்லபடியா முடிஞ்சுதுங்களா?"

குத்திக் கேட்டாரா, உண்மையாகவே கேட்டாரா என்று அந்த முகத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை. அவர் குத்திப் பேசி நான் கேட்டதில்லை.

"முடிஞ்சுதுங்க அக்கா" என்றேன்.

"செரிங்க சார்" என்றார். ஒப்புதலில் கையெழுத்துப் போட்டார். உள்ளேயிருந்து யாரோ கூப்பிட, "வாரேனுங்க" என்று போய்விட்டார்.

அந்த ஆண்டு ஆய்வுக்கு வந்த அதிகாரி மதியச் சாப்பாட்டுக்கு முன்பே கிளம்பிவிட்டார். நான் பக்கம் பக்கமாக எழுதி முடித்த அந்தப் பதிவேட்டை அவர் திறக்கவே இல்லை. மேசைமேல் அது வைத்தது வைத்தபடியே இருந்தது. இதை அந்த அக்காவிடம் சொல்ல மட்டும் எனக்குத் துணிவு வரவில்லை.