ஊசியை விட்டுவிட்டுச் சொன்ன கதை

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே பல வருஷம் ஓடிவிட்டது. எழுதினால் முருகனைக் குறைத்துப் பேசியதுபோல் ஆகிவிடுமோ என்று ஒரு பயம். எழுதாமல் விட்டால், எங்கள் பூனையைப் பற்றி ஊருக்குள் சுற்றுகிற கதையை நம்பி யாராவது மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்று இன்னொரு பயம். ஏற்கெனவே ஒருவர் நிறுத்தினார். நான் பத்தாவது தாண்டாதவன். எழுத்தில் தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததில் தப்பு இல்லாமல் சொல்லிவிடுகிறேன்.

துடியலூரில் எங்களுக்கு ஒரு மாவு மில். முன்னால் மில், பின்னால் வீடு. மகளை உடுமலைப்பேட்டையில் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் நானும் என் சம்சாரமும்தான். அந்தச் சமயத்தில்தான் ராகி மூட்டைக்குப் பின்னால் ஒரு பூனைக்குட்டி வந்து படுத்துக்கொண்டது. எலிக்கு ஆச்சு என்று விட்டுவிட்டோம். சாம்பல் நிறப் பூனை. ஆனால் சாயங்காலத்துக்குள் மேலெல்லாம் மாவு படிந்து வெள்ளைப் பூனையாகிவிடும். மிளகாய் மெஷின் பக்கம் மட்டும் எட்டிப் பார்க்காது. அரைக்க வருகிறவர்கள் வரிசையில் நிற்கும்போது அதற்கு முறுக்கோ பன்னோ பிய்த்துப் போடுவார்கள். என் சம்சாரம் பாலும் சோறும் பிசைந்து வைப்பாள். எலியைப் பிடிக்க அதற்கு எங்கே நேரம்? நன்றாகக் கொழுத்துத் தராசுத் தட்டில் ஏறிப் படுத்துக்கொள்ளும். இறக்கிவிட்டால்தான் வியாபாரம்.

நாலைந்து வருஷம் இப்படிப் போயிற்று. பிறகு ஒரு கோடையில் அது தண்ணீர் வாளிக்குள் தலையை விட்டபடியே நிற்க ஆரம்பித்தது. மூலையெல்லாம் ஈரம். தின்றுகொண்டே இளைத்தது. தடவினால் முதுகெலும்பு கையில் தட்டியது.

"ஏனுங், பூனைக்கு என்னமோ ஆயிப்போச்சுங்க. தண்ணியாக் குடிக்குது, குடிச்சதெல்லாம் போயிட்டே இருக்குது" என்றாள் என் சம்சாரம்.

"வெயிலுக்குக் குடிக்குது, உடு."

"மாமாவுக்குச் சுகரு வந்தப்பவும் நீங்க இதையேதான் சொன்னீங்க."

மாமா என்றால் என் அப்பா. அவர் போய்ச் சேர்ந்து நாளாயிற்று. அன்றைக்கே பிஸ்கட் அட்டைப்பெட்டியில் பூனையை வைத்துக்கொண்டு மேட்டுப்பாளையம் ரோட்டில் இருந்த மிருக டாக்டரிடம் போனோம். எங்கள் மகள் வயசுதான் இருக்கும் அந்த டாக்டரம்மாவுக்கு. காது ஓரத்தில் லேசாகக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "சுகருங்க" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பூனைக்குமாங்க?"

"பூனைக்கும் வருங்க. தினமும் இன்சுலின் போடணும். முதல்ல சாப்பாடு வைங்க. சாப்பிட்டதைக் கண்ணால பாத்துட்டு அப்புறம் ஊசி. காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. நெனச்சா போடறது, நெனச்சா விடறதுன்னு இருக்கக்கூடாது. பாலும் சோறும் இனி வேண்டாம், கறி குடுங்க. சாப்பிடலேன்னா ஊசி போடறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் பண்ணுங்க."

இவ்வளவையும் கேட்டுக்கொண்டுதான் வந்தோம்.

முதல் நாள் ஊசியை எடுப்பதும் கீழே வைப்பதுமாக இருந்தேன். கழுத்துக்குப் பின்னால் தோலை மெல்லத் தூக்கிப் பிடித்து அதற்குள் குத்த வேண்டும். ஊசி மயிரைப் போல மெலிசு. என் சம்சாரம் பூனையை மடியில் வைத்துக்கொண்டு, "ஓடற பெல்ட்டுக்குக் கிட்ட கைய உடற மனுசன் பூனைக்குப் பயப்படறாரு பாரு கண்ணு" என்று அதனிடமே என்னைப் பற்றிக் கோள் சொன்னாள். "முருகா" என்று சொல்லிக் குத்தினேன். பூனைக்குக் குத்தினதே தெரியவில்லை. கிண்ணத்தை நக்கிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து பூனைக்கு ஊசி போட்ட பிறகுதான் மில் சுவிட்சைப் போடுவது. வெளியே டப்பாவோடு நிற்பவர்கள் சத்தம் போடுவார்கள்.

"என்னுங், இன்னும் தொறக்கலீங்களா?"

"பூனைக்கு ஊசி போடறாங்களாமா."

"அடுத்து அதுக்குக் கண்ணாடி மாட்டி உடுவாங்க. இருங்க, அப்புறம் அதே கல்லாவுல உக்காந்து காசு வாங்கும்."

கோழிக்கடைக்காரர், தினமும் கால் கிலோ வாங்குகிறாளே என்று என் சம்சாரத்திடம், "ஊட்டுக்கு ஓரம்பரை வந்திருக்குதுங்களா?" என்று விசாரித்தாராம். "ஆமாங், வந்த விருந்தாளி போகமாட்டேனுட்டாருங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். பூனை தேறியது. தண்ணீர் குடிப்பது குறைந்தது. மறுபடியும் தராசில் ஏறிப் படுத்தது.

பிறகு கிருத்திகை வந்தது. கல்யாணமான நாளிலிருந்து கிருத்திகைக்கு நாங்கள் விரதம். அன்றைக்கு வீட்டுக்குள் கவிச்சி நுழையக்கூடாது, முட்டைகூட ஆகாது. பூனைக்குச் சுகர் என்று தெரிந்தபின் வந்த முதல் கிருத்திகை அது. வீடு கழுவி, தலைக்கு ஊற்றி, என் சம்சாரம் பூனைக்குத் தயிர்சோறு வைத்தாள். அது மோந்து பார்த்தது. தயிரை ரெண்டு நக்கு நக்கிவிட்டுப் போய்விட்டது.

"ஊசி போடலாமுங்களா?" என்று கேட்டாள்.

"விடக்கூடாதுன்னு சொன்னாங்கல்ல" என்று போட்டுவிட்டேன்.

விரதமும் தவறக்கூடாது, ஊசியும் தவறக்கூடாது. ரெண்டையும் ஒழுங்காகச் செய்ததாகத்தான் நினைத்தோம். போன் பண்ணச் சொன்னது ரெண்டு பேருக்குமே ஞாபகம் வரவில்லை.

பூஜை முடிகிற நேரம், மில்லில் காத்திருந்த ஒரு பெண் கத்தினாள். ஓடிப்போய்ப் பார்த்தால் பூனை கோதுமைத் தவிட்டில் சாய்ந்து கிடக்கிறது. வாயில் எச்சில் ஒழுகுகிறது. கால்கள் தானாக இழுத்துக்கொள்கின்றன. கண் திறந்திருக்கிறது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"சாப்பிட்டுச்சா?"

"இல்லீங்க."

"சுகர் இறங்கிருச்சுங்க. தேனோ சக்கரைத் தண்ணியோ விரல்ல தொட்டு ஈறுல தடவுங்க. வாய்க்குள்ள ஊத்திறாதீங்க. தடவிட்டு உடனே தூக்கிட்டு வாங்க."

சமையலறையில் சர்க்கரை இருந்தது. ஆனால் என் சம்சாரம் பூஜையிலிருந்து எழுந்து ஓடிவந்தவள். அவள் கையில் படையலுக்கு வைத்த பஞ்சாமிர்தம் இருந்தது. மாப்பிள்ளை பழனியிலிருந்து வாங்கிவந்த டப்பா. ஈறில் இனிப்பைத் தடவச் சொல்கிறார் என்று அவள் காதோரம் சொன்னேன். விரலில் தொட்டுப் பூனையின் ஈறில் தடவினாள். மறுபடி தடவினாள். "முருகா, முருகா" என்று சொல்லிக்கொண்டே தடவினாள். கொஞ்ச நேரத்தில் பூனை நாக்கை நீட்டி உதட்டை நக்கியது. தலையைத் தூக்கியது. வரிசையில் நின்றவர்கள் கைகூப்பிவிட்டார்கள். ஒருவர் தரையில் விழுந்தே கும்பிட்டார். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை எதற்கு மறைக்க வேண்டும்?

தூக்கிக்கொண்டு போனோம். டாக்டரம்மா குளுக்கோஸ் ஏற்றி, சாயங்காலம்வரை பக்கத்திலேயே வைத்துப் பார்த்தார். "பஞ்சாமிர்தமா? நல்லதாப் போச்சு. அந்த நேரத்துக்குச் சக்கரைதான் வேணும். மத்த நேரத்துல அது வெஷம், ஞாபகம் வெச்சுக்கங்க" என்றார். ஊசியின் அளவைக் குறைத்துக்கொடுத்தார். அதற்கடுத்த கிருத்திகையிலிருந்து பொடக்காளியில், அதாவது வீட்டுக்குப் பின்புறத்தில், தனி அடுப்பு வைத்துக் கோழி வெந்தது. "முருகா, இதும் உன்ற ஊட்டுப் பிள்ளைதான், பொறுத்துக்க" என்று சொல்லிவிட்டுத்தான் என் சம்சாரம் அடுப்பைப் பற்றவைப்பாள்.

ஆனால் மில் வாசலில் பார்த்தவர்கள் பார்த்தது பாதிதானே. டாக்டரம்மா போனில் பேசியது என் காதுக்கு மட்டும் கேட்டது. செத்த பூனை பஞ்சாமிர்தம் பட்டதும் எழுந்துவிட்டது என்று அன்றைக்கே சொன்னார்கள். அடுத்த வாரம், பூனைக்குச் சுகரே போய்விட்டது என்றார்கள். கருமத்தம்பட்டியிலிருந்து மல்லி அரைக்க வந்த ஒருவர், "இதானுங்களா அந்தப் பூனை?" என்று கேட்டு அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். கேட்க நன்றாக இருந்தது. முருகன் பெருமையைப் பேசுகிறவர் வாயை நான் போய் எதற்கு அடைக்க வேண்டும் என்று நினைத்தேன்.

பக்கத்துத் தெருவில் இட்லிக்கடை வைத்திருந்த அக்கா ஒருவர் மாசாமாசம் எங்களிடம் மிளகாய் அரைப்பார். ஒரு நாள் சாயங்காலம் காலைத் தாங்கித் தாங்கி வந்தார். கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது.

"ஏனுங்க்கா, கால்ல என்ன?"

"செருப்புக் கடிச்சுதுங் தம்பி. ஆறவே மாட்டீங்குது."

"சுகர் மாத்திரை சாப்பிடறீங்கல்ல?"

"அதையெல்லாம் நிறுத்திப்போட்டேனுங். உங்க பூனைக்கு என்ன மருந்தோ அதேதான் எனக்கும். வெடியால எந்திரிச்சதும் ஒரு கரண்டி பஞ்சாமிர்தம். வாயில்லாத சீவனுக்கு எறங்குன சாமி எனக்கு எறங்காதுங்களா?"

மெஷினை நிறுத்தினேன். வாயால் சொன்னால் நம்பமாட்டார் என்று தோன்றியது. பூனைக்கு ஊசி நேரம் ஆகியிருந்தது. "செத்த உக்காருங்க்கா" என்று ஸ்டூலை எடுத்துப் போட்டேன். என் சம்சாரம் கிண்ணத்தில் கோழியைக் கொண்டுவந்தாள். பூனை தின்று முடித்தது. ஃபிரிஜ்ஜிலிருந்து மருந்தை எடுத்து, தோலைத் தூக்கிப் பிடித்து, ஊசி போட்டேன். அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அட கெரகமே! இன்னும் குத்தீட்டுத்தான் இருக்கறீங்களா?"

"ஒரு நாள் உட்டதில்லீங்க்கா. உட்டா இது இருக்காது." அன்றைக்கு என்ன நடந்தது, பஞ்சாமிர்தம் எதற்கு ஆயிற்று என்று முழுக்கச் சொன்னேன்.

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "இதை எதுக்குங் தம்பி சொல்லாம வெச்சிருந்தீங்க? ஊரே ஒண்ணு சொல்லீட்டுத் திரியுது, நீங்க பல்லக் காட்டீட்டு மாவு அரைச்சுக்கிட்டு நிக்கறீங்களே!"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அக்கா பூனையைப் பார்த்தபடி, "அப்ப முருகன் ஒண்ணுமே பண்ணலீங்களா?" என்று கேட்டார். குரல் அழுகிறது போல இருந்தது.

என் சம்சாரம்தான் பேசினாள். "அப்படிச் சொல்லாதீங்க்கா. ஊசி வேண்டாம்னு முருகன் எப்பச் சொன்னாரு? நாம வரங் கேட்டோம், அவரு டாக்டரம்மாவக் காட்டுனாரு. காட்டுன பக்கம் போகோணுமுல்ல?"

மறுநாள் விடியற்காலையில் ஆட்டோ வைத்து அக்காவைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் காலையே எடுத்திருப்போம் என்றார்களாம். ஒரு விரலோடு போயிற்று. அக்காவுக்கும் இன்சுலின் எழுதிக்கொடுத்துவிட்டார்கள்.

தனக்குத்தானே குத்திக்கொள்ள அக்காவுக்குப் பயம். அதனால் தினமும் சாயங்காலம் மருந்தை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். முதலில் பூனைக்கு நான் போடுவேன். பிறகு அக்காவுக்கு என் சம்சாரம். "அது எப்படிக் கம்முனு இருக்குது பாருங்க்கா, நீங்க இந்தத் துள்ளு துள்ளறீங்க" என்பாள். "அதுக்கு நீங்க கோழி போடறீங்க, எனக்கு வெறும் ஊசி!" என்பார் அக்கா. அப்புறம் இட்லியும் சட்னியும் அவர் கையோடு கொண்டுவருகிற தூக்குப்போசியிலிருந்தே வரும். மெஷின் சத்தம் ஓய்ந்த மில்லில், மாவு வாசத்தில், நாங்கள் மூன்று பேரும் சாப்பிடுவோம். பூனை அக்கா மடியில் படுத்திருக்கும். என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக இருந்த சாயங்காலங்கள் வேறு இல்லை. அன்றைக்கு அது தெரியவில்லை. ஊசி, கோழி, நேரம் என்று கட்டிப்போட்டதுபோல் இருக்கிறதே என்றுகூட அலுத்துக்கொண்டிருக்கிறேன்.

பூனை அதற்கப்புறமும் சில வருஷம் இருந்து, வயசாகித்தான் போயிற்று. ஒரு நாள் காலையில் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு என் சம்சாரத்தின் மடியில் தலையை வைத்தது. எடுக்கவில்லை. அக்கா தானே ஊசி போடப் பழகி, மகன் வீட்டோடு போய்விட்டார். இன்னமும் போனில் பேசுவார். எங்கள் மில்லும் ஓடுகிறது. சாயங்காலமானால் என் கை மட்டும் ஃபிரிஜ் கதவுப் பக்கம் போய்விட்டுச் சும்மா திரும்பும்.

அந்தக் கதையும் இன்னும் ஓடுகிறது. போன மாசம் அரைக்க வந்த ஒரு அம்மா அதை என்னிடமே சொன்னார், எந்த மில் என்று தெரியாமல். அதில் ஊசி இல்லை, டாக்டரம்மா இல்லை, விரல் போன அக்கா இல்லை. அவரை உட்காரவைத்து முதலிலிருந்து சொல்லி அனுப்பினேன். எத்தனை பேரை இப்படி உட்காரவைக்க முடியும்? அதனால் படிக்கிற உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். இதை நீங்கள் யாருக்காவது சொன்னால் ஒன்றையும் கூட்டாமல், ஒன்றையும் விடாமல் சொல்லுங்கள். பஞ்சாமிர்தத்தைச் சொல்லுங்கள், நானும் சொல்லுவேன், முருகன் பேரைச் சொல்ல எனக்கென்ன கசக்குமா? ஆனால் அன்றைக்குப் பூனை சாப்பிடவில்லை என்பதையும், மறுநாளும் ஊசி போட்டோம் என்பதையும் தயவுசெய்து சேர்த்துச் சொல்லுங்கள்.